வரப்போகும் மறதியை முன்கூட்டி அறியலாமா?

தொழுகைக்குப் பின் ஓதும் துஆக்களுள் ஒன்று நம் இல்லங்களில் பலருக்கும் மனப்பாடம். கஞ்சத்தனத்தை விட்டும், கோழைத்தனத்தை விட்டும், ஆயுளின் மிகக் கீழான பருவத்திற்குத் திருப்பப்படுவதை விட்டும் அல்லாஹ்விடம் பாதுகாவல் தேடும் துஆ அது. ஸஃது இப்னு அபீவக்காஸ் (ரலி) அவர்கள், பள்ளி ஆசிரியர் சிறுவர்களுக்கு எழுதக் கற்றுத் தருவதைப் போலத் தம் மக்களுக்கு இதைக் கற்றுத் தந்தார்கள் என்று புகாரியில் வருகிறது. நாம் ஓதுகிறோம், ஓதிவிட்டு எழுந்து விடுகிறோம். அந்தக் கீழான பருவம் எது என்று நின்று யோசிப்பவர் சிலரே.

திருமறை அதை இரண்டு இடங்களில், அந்நஹ்லிலும் அல்ஹஜ்ஜிலும் குறிப்பிடுகிறது. இரண்டிலும் அதற்குக் கூறப்படும் அடையாளம் ஒன்றே: அறிந்திருந்த மனிதன், ஒன்றும் அறியாதவனாகி விடுவது. நரையோ, கூனோ, முழங்கால் வலியோ அங்கே பேசப்படவில்லை. அறிவு போவதே அந்தப் பருவத்தின் அடையாளம்.

இந்நாள் வரையில் அந்த நிலை ஒருவருக்கு வந்த பின்னர்தான் வீட்டார் அதை அறிந்து வந்தனர். வாப்பா ஒரே ரக்அத்தை மூன்று முறை தொழுகிறார். உம்மா தன் மூத்த மகளைத் தன் தங்கை என்று எண்ணிப் பேசுகிறார். அப்போதுதான் டாக்டரிடம் ஓடுகிறோம். இன்றோ ஆராய்ச்சியாளர்கள் இதனை இருபது ஆண்டுகளுக்கு முன்பே கண்டுகொள்ளும் வழிகளைக் கண்டுள்ளனர். மறதி தெரியத் தொடங்கியவர்களுக்கு, அதன் காரணம் அல்ஸைமர் நோய்தானா என்று பார்க்க உதவும் ஓர் இரத்தப் பரிசோதனைக்கு 2025 மே மாதத்தில் அமெரிக்க அரசின் மருந்து நிர்வாகம் அனுமதி அளித்துவிட்டது. மறதியே இல்லாத ஒருவர், தமக்கு அது வருமா என்று கேட்கவும் மரபணுப் பரிசோதனைகள் உள்ளன. இங்கேதான் கேள்வி பிறக்கிறது. குணப்படுத்த மருந்து இல்லாத ஒரு நோய் தமக்கு வரும் என்பதை முன்கூட்டி அறிவது சரியா? அறிய வேண்டாம் என்று ஒதுங்குவது ஈமானின் பலவீனமா? நாம் இங்கே ஃபத்வா வழங்க வரவில்லை. அது முஃப்திகளின் பொறுப்பு. நேயர்களோடு சேர்ந்து யோசிக்கவே விரும்புகிறோம்.

முதலில் ஒரு தப்பெண்ணத்தை விலக்கிவிடுவோம். “முதுமைக்கு மருந்தில்லை என்று நாயகம் (ஸல்) அவர்களே கூறியிருக்க, இந்த ஆராய்ச்சி எதற்கு?” என்று கேட்போர் உண்டு. மருத்துவம் செய்து கொள்ளுங்கள், அல்லாஹ் எந்த நோயையும் மருந்தின்றி வைக்கவில்லை, முதுமை ஒன்றைத் தவிர என்ற கருத்துள்ள அந்த ஹதீஸை உஸாமா இப்னு ஷரீக் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். ஆனால் இந்நோய் முதுமை அன்று. ஜெர்மன் வைத்தியர் அலோயிஸ் அல்ஸைமர் 1906 நவம்பரில் டூபிங்கன் நகரில் நடந்த கூட்டத்தில் விவரித்த பெண்மணி, 1901-ல் பிராங்பர்ட் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டபோது அவருக்கு வயது 51 தான். அவர் இறந்தபின் மூளையை எடுத்துப் பார்த்தபோது நரம்புச் செல்களுக்கு வெளியே திட்டுக்களும், உள்ளே முறுக்கேறிய நார்களும் இருக்கக் கண்டார். திட்டுக்கள் அமிலாய்டு என்ற புரதம்; நார்கள் டாவ் என்ற புரதம். வயது ஏற ஏற இந்நோய் வரும் வாய்ப்பு மிகுகிறது என்பது உண்மை. ஆனால் தொண்ணூறு வயதிலும் குர்ஆனைத் தடுமாறாமல் ஓதும் பெரியவர்களை நாம் காண்கிறோம். முதுமை வேறு, இது வேறு. நோய் என்று ஆனபின், மருந்து தேடுங்கள் என்ற ஏவல் இதற்கும் பொருந்தும்.

இனி, இந்தக் கேள்வி புத்தகத்தில் அல்லாமல் மனிதர் வாழ்க்கையிலேயே எழுந்த ஓர் இடத்திற்குச் செல்வோம். தென் அமெரிக்காவின் கொலம்பியா நாட்டில் அந்தியோக்கியா என்றொரு மாநிலம். மலைகள் சூழ்ந்த நாடு. மெதெயின் அதன் தலைநகர். அம்மலைகளில் உள்ள யருமால் முதலிய ஊர்களில் சில குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாக ஒரு கேடு இருந்து வந்தது. நாற்பதுகளின் நடுவில், குழந்தைகள் இன்னும் ஆளாகாத பருவத்தில், தகப்பனோ தாயோ மறக்கத் தொடங்குவர். ஐம்பதுக்குள் தம் வீட்டையே அறியாதவராவர். அறுபதையொட்டி மரணம். ஊரார் இதற்கு ‘லா பொபேரா’ என்று பெயரிட்டிருந்தனர்; பேதைமை என்று பொருள். யாரோ இட்ட சாபம் என்றும், ஒரு மரத்தைத் தொட்டதால் வந்தது என்றும் நம்பினர்.

பிரான்ஸிஸ்கோ லொபெரா என்ற நரம்பியல் டாக்டர் 1980-களின் தொடக்கத்தில் இவர்களுள் ஒருவரைச் சந்தித்தார். அன்று தொடங்கி 2024-ல் தாம் இறக்கும் வரை அக்குடும்பங்களை அவர் விடவில்லை. கோயில் பதிவேடுகளைப் புரட்டி வம்சாவளி எழுதினார். உள்நாட்டுப் போர் நடந்த காலத்திலும் மலையேறி இரத்தம் சேகரித்தார். இறந்தவர்களின் மூளையைத் தானமாகக் கேட்டபோது, நூற்றுக்கணக்கான குடும்பங்கள் இசைந்தன. (மையித்தை அறுப்பது பற்றி நம் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அது தனியே எழுதத் தக்கது. இங்கே அதில் நுழையவில்லை.) சுமார் 6,000 பேர் கொண்ட அந்தப் பெருங்குடும்பத்தில் ஏறக்குறைய 1,200 பேரிடம் ஒரே மரபணுப் பிழை இருக்கிறது. பதினான்காவது குரோமோசோமில் உள்ள பிரிஸெனிலின்-1 என்ற மரபணுவில் ஓர் எழுத்து மாறியிருக்கிறது. அந்த மரபணு உருவாக்கும் புரதம், மற்றொரு புரதத்தைத் துண்டாக்கும் கத்தரியின் ஒரு பாகம். கத்தரி பிசகியதால், விழும் துண்டுகளுள் ஒட்டிக்கொள்ளும் தன்மையுடைய அமிலாய்டு மிகுகிறது. பிழையை உடையவர்களின் மூளையில் 28 வயது அளவிலேயே அது படியத் தொடங்குவதைப் படமெடுத்துக் கண்டனர். மறதியோ அவர்களுக்கு 44 வயதளவில்தான் தலைகாட்டும். பெற்றோரில் ஒருவருக்கு அப்பிழை இருந்தால் பிள்ளைக்கு வர இரண்டில் ஒரு பங்கு வாய்ப்பு. நாணயத்தைச் சுண்டிவிட்டது போல.

இப்போது நேயர்கள் அக்குடும்பத்து இளைஞன் ஒருவனின் நிலையில் தம்மை வைத்துப் பார்க்க வேண்டும். தாய் கண்ணெதிரே பேதையாகி விட்டாள். இரத்தம் கொடுத்தாகிவிட்டது. விடை மெதெயின் நகரில் ஓர் அலமாரியில் இருக்கிறது. கேட்கலாமா?

நம்மில் ஒரு சாரார் உடனே சொல்வது: “நாளை நடப்பது மறைவான ஞானம். அதை அறிய முற்படுவது குறி கேட்பதற்கு ஒப்பானது.” இதை நாம் ஏற்கவில்லை. கறுத்த மேகத்தைக் கண்டு மழை வரும் என்று சொல்லும் உழவன் மறைவானதை அறிந்ததாக வாதாடவில்லை. அல்லாஹ் படைத்து வைத்திருக்கும் அடையாளத்தைப் படித்துச் சொல்கிறான். மழை பெய்யாமலும் போகலாம் என்பது அவனுக்கும் தெரியும். மரபணுவும் ஓர் அடையாளமே. அது எவ்வளவு உறுதியான அடையாளமாக இருப்பினும் அடையாளம் மட்டுமே என்பதற்கு அதே கொலம்பியாவில் சான்று கிடைத்தது. பிழையை உடைய ஒரு மூதாட்டி, நாற்பத்து நான்கில் மறக்க வேண்டியவர், எழுபது வயதைக் கடக்கும் வரை தெளிவாக இருந்தார். அவரது மூளையில் அமிலாய்டு ஏராளமாக இருந்தது. ஆனால் டாவ் நார்கள் மிகக் குறைவு. அபோ-ஈ என்ற வேறொரு மரபணுவில், கிறைஸ்ட்சர்ச் என்று பெயர் பெற்ற அபூர்வ மாற்றம் தாய் வழியிலும் தந்தை வழியிலுமாக இரட்டையாய் அவருக்கு வந்திருந்தது என்று 2019-ல் வெளியிட்டனர். ரீலின் என்ற மரபணுவில் மாற்றமுடைய மற்றொருவர் 67 வயது வரை காக்கப்பட்டிருந்தது 2023-ல் வெளியாயிற்று. கத்தரியைப் பிசகச் செய்தவனே அதே உடலில் கேடயத்தையும் வைத்திருந்தான். இது தெரிந்திருந்தும், பரிசோதனைத் தாளை விதியின் ஏடு என்று நம்புபவர் இரண்டு தவறு செய்கிறார்: மரபணுவுக்கு அதற்கில்லாத அதிகாரத்தைத் தருகிறார், அல்லாஹ்வின் நாட்டத்தையும் ஒரு தாளில் அடக்கப் பார்க்கிறார்.

மற்றொரு சாரார் நேர்மாறாகச் சொல்வர்: “அறிவைத் தேடுவது கடமை. உண்மையைக் காண அஞ்சுவது கோழைத்தனம்.” இதிலும் நமக்கு உடன்பாடில்லை. பயனளிக்காத அறிவை விட்டும் நாயகம் (ஸல்) அவர்கள் பாதுகாவல் தேடியிருக்கிறார்கள். ஆக, அறிவு என்ற பெயர் இருந்தால் மட்டும் போதாது. அது இந்த மனிதனுக்கு, இந்த நேரத்தில் என்ன செய்யும் என்பதையும் பார்த்தாக வேண்டும். டி.என்.ஏ.யின் அமைப்பை 1953-ல் கண்டறிந்த இருவருள் ஒருவர் ஜேம்ஸ் வாட்ஸன். 2007-ல் அவரது மரபணுத் தொகுதி முழுவதையும் படித்து அவர் கையிலேயே கொடுத்தனர். உலகுக்கு அதைத் திறந்து வைக்கச் சம்மதித்த அவர், ஒரே ஓர் இடத்தை மட்டும் தமக்கும் சொல்ல வேண்டாம், பிறருக்கும் காட்ட வேண்டாம் என்றார். அல்ஸைமர் நோயின் வாய்ப்பைக் கூட்டவும் குறைக்கவும் செய்யும் அபோ-ஈ இருக்கும் இடம் அது. அவருடைய பாட்டிக்கு அந்நோய் இருந்தது. மரபணுவைப் பற்றி அவரைவிட அறிந்தவர் எவர்? அறியாமையால் அவர் மறுக்கவில்லை. ஹண்டிங்டன் என்ற மற்றொரு மூளை நோய்க்கு 1993-ல் மரபணு கண்டுபிடிக்கப்பட்டு, உறுதியான பரிசோதனையும் வந்தது. அந்நோய் வரக்கூடிய குடும்பத்தினருள் அதைச் செய்துகொள்வோர் இன்றும் சிறுபான்மையினரே. இவர்களையெல்லாம் கோழைகள் என்று சொல்ல நமக்கு நா எழவில்லை.

அப்படியானால் தீர்மானிப்பது எது? நமக்குப் படுவது இது. அறிவு கையில் வந்தவுடன் அதனோடு சில கடமைகளும் வந்து சேருகின்றன. அறியாதவன் மீது அவை இல்லை. திருமணப் பேச்சை எடுத்துக்கொள்வோம். பைத்தியம், குஷ்டம் போன்ற சில ஐபுகளை ஃபிக்ஹு கிதாபுகள் நிக்காஹ் விஷயத்தில் குறிப்பிடுகின்றன. இருபது ஆண்டுகள் கழித்து வரலாம் என்ற நோய் அப்பட்டியலில் இல்லை. தன் தாய்க்கு இந்நோய் இருந்ததை மறைக்காமல் சொல்லிவிட்டு, ‘எனக்கு வருமா என்பதை நான் அறியேன்’ என்று கூறும் மணமகன் பொய் சொல்லவில்லை. பரிசோதனை செய்து, தன்னிடம் பிழை இருப்பதை அறிந்தபின் அதே வார்த்தையைச் சொன்னால் அது ஏமாற்று. ஆகவே, அறியுமுன், அறிந்தபின் வரும் பாரத்தைச் சுமக்கத் தம்மால் இயலுமா என்று ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டும். மறுபுறம், பிறருடைய அமானத்துகள் கைவசம் உள்ளவர், கூட்டு வியாபாரம் நடத்துபவர், அனாதைகளின் சொத்துக்குப் பொறுப்பானவர் ஆகியோரின் நிலை வேறு. வஸிய்யத் செல்லுபடியாக, எழுதும்போது புத்தி தெளிவாக இருக்க வேண்டும் என்பது நாம் அறிந்ததே. இவர்களுக்கு, அதிலும் மறதியின் முதல் அடையாளம் தெரிந்துவிட்ட ஒருவருக்கு, உண்மையை அறிவது பயனுள்ள அறிவே. “வாப்பாவுக்குச் சொல்ல வேண்டாம்” என்று டாக்டரிடம் பிள்ளைகள் கண் ஜாடை காட்டுவது வழக்கமாகிவிட்டது. கடனையும் அமானத்தையும் களாவான நோன்பையும் சொல்லிவிட்டுப் போக அவருக்குள்ள உரிமையை அந்த ஜாடை பறித்துவிடுகிறது.

இன்னும் கடினமான முடிச்சு ஒன்று இருக்கிறது. இந்த அறிவு யாருடையது? இரத்தம் என்னுடையதுதான். ஆனால் என் பாட்டனாருக்கு அந்நோய் இருந்து, எனக்கும் பிழை இருப்பது தெரிந்தால், இடையில் இருக்கும் என் தகப்பனாருக்கும் அது இருக்கிறது என்பது அவர் கேளாமலே வெளிப்பட்டு விடுகிறது. அவர் ஒருவேளை அறியாமல் இருக்கவே விரும்பியிருக்கலாம். என் அறிவு என்று நான் திறந்த பெட்டியில் அவருடைய இரகசியம் இருந்தது. ஒருவர் தம்மைப் பற்றியே அறிய விரும்பாததை அவர் மீது எறிவது, பிறர் குறையை மறைப்பவனின் குறையை அல்லாஹ் மறைப்பான் என்று கற்ற நமக்குத் தகுமா?

இந்த முடிச்சைக் கொலம்பியாவில் கையாண்ட விதம் நம்மை வியக்க வைத்தது. க்ரெனெஸுமாப் என்ற மருந்து, மறதி தொடங்குமுன்னரே கொடுத்தால் நோயைத் தடுக்குமா என்று 2013-ல் ஒரு சோதனையைத் தொடங்கினர். பிழை உடையவர்களை மட்டும் சேர்த்தால், சேர்க்கப்பட்டதே அவர்களுக்குச் செய்தியாகிவிடும். ஆகவே பிழை இல்லாத உறவினரையும் சேர்த்தனர். மொத்தம் 252 பேர். அவர்களுள் மூன்றில் ஒரு பங்கினரிடம் பிழையே இல்லை. அவர்களுக்கு எப்போதும் மருந்தில்லா ஊசிதான். பிழை உடையவர்களிலும் ஒரு பாதியினருக்கே மருந்து. யார் எந்த வகை என்பது ஊசி போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. இப்படிச் செய்யப்படும் என்பது எல்லோருக்கும் முன்கூட்டிச் சொல்லப்பட்டே அவர்கள் சம்மதித்தனர். ஆதலின் இதை வஞ்சனை என்று சொல்ல இயலாது. ஐந்து முதல் எட்டு ஆண்டுகள் வரை, தமக்கு எவ்விதத் தேவையும் இல்லாத ஊசியைச் சிலர் விடாமல் ஏற்றுக்கொண்டனர். தம் உடன்பிறப்பின் இரகசியம் வெளிப்படாமல் நிற்க அவர்கள் திரையாக நின்றனர். ஆரோக்கியமானவர் உடம்பில் இத்தனை ஆண்டுகள் ஊசி குத்தலாமா என்று கேட்போர் கேட்கட்டும். அறிந்து, மனமுவந்து ஒருவர் தம் உடன்பிறப்புக்காக ஏற்கும் இத்துன்பத்தை நாம் ஸதகா என்றே எண்ணுகிறோம்.

மருந்து பலிக்கவில்லை. 2022 ஜூன் மாதம் முடிவு அறிவிக்கப்பட்டது. அதே அமிலாய்டைக் குறிவைக்கும் வேறு மருந்துகள் பின்னர் வந்தன. 2023-ல் அமெரிக்காவில் முழு அனுமதி பெற்ற லெகனெமாப், தொடக்க நிலையிலுள்ள நோயாளிகளிடம் பதினெட்டு மாதங்களில் நோயின் வேகத்தைச் சுமார் 27 சதவீதம் குறைத்தது. போன நினைவை அது திருப்பித் தராது. சிலருக்கு மூளையில் வீக்கமும் இரத்தக் கசிவும் உண்டாகின்றன. அமெரிக்காவில் அதற்குக் குறித்த விலை ஆண்டுக்கு 26,500 டாலர். யருமால் மலையில் காப்பி பயிரிடும் குடும்பம் அதை நினைத்துப் பார்க்க முடியுமா? இந்நோயைப் பற்றி உலகம் இன்று அறிந்திருப்பதில் ஒரு பெரும் பங்கு அம்மக்களின் இரத்தத்திலிருந்தும், அவர்கள் தந்த மூளைகளிலிருந்தும் வந்தது. உழைத்தவனின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுங்கள் என்பது நாம் கேட்டு வளர்ந்த போதனை. முன்கூட்டி அறிவது கூடுமா கூடாதா என்று நாம் விவாதிக்கிறோமே, அந்த அறிவுக்கு உடலைத் தந்தவனுக்கு அதன் பலன் கிட்டுகிறதா என்ற கேள்வியை அதற்கு முன்னால் வைக்க வேண்டும் என்பது நம் கருத்து.

பரிசோதனையெல்லாம் கடந்து, அந்தப் பருவத்திற்கு ஏற்கனவே திருப்பப்பட்டுவிட்ட பெரியவர்கள் நம் வீடுகளில் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. தூங்குபவர் விழிக்கும் வரையிலும், சிறுவர் பருவமடையும் வரையிலும், புத்தி நீங்கியவர் தெளியும் வரையிலும் எழுதுகோல் உயர்த்தப்பட்டிருக்கிறது என்பது ஹதீஸின் கருத்து. தொழுதோமா இல்லையா என்பதே நினைவில் நில்லாத தகப்பனாரை, “இப்போதுதானே தொழுதீர்கள்!” என்று அதட்டும் பிள்ளை இதை எண்ணிப் பார்க்க வேண்டும். அவர் ஐந்தாம் முறை தக்பீர் கட்டினால் கட்டட்டும். அவர் மீதிருந்து நீங்கியது கடமைதான், கண்ணியம் நீங்கவில்லை. பெற்றோரிடம் ‘சீ’ என்ற சொல்லையும் சொல்லக் கூடாதென்ற கட்டளை, அவர்கள் முதுமையடைந்த நிலையைக் குறிப்பிட்டே வந்திருக்கிறது. அவர்கள் மறந்தாலும் அந்தக் கட்டளை யார் மீது இருக்கிறதோ அவர் மறக்கவில்லை அல்லவா? அவர்களிடமிருந்து ஆராய்ச்சிக்கென இரத்தம் எடுக்க, அவர்கள் தலையசைப்பதைச் சம்மதம் என்று கொள்வதும் சரியன்று. அவர்கள் தெளிவாயிருந்த காலத்தில் என்ன விரும்பினார்கள் என்பதை அறிந்த வாரிசு ஒருவர் அவர்களுக்காகப் பேச வேண்டும்.

மீண்டும் அந்த இளைஞனிடம் வருவோம். அவன் நம்மிடம் வந்து கேட்டால், பரிசோதனை செய்துகொள் என்றும் சொல்ல மாட்டோம், வேண்டாம் என்றும் சொல்ல மாட்டோம். உன் தாய் இந்நோயில் இருப்பதால் உன் பதில் அவளைப் பற்றிப் புதிதாக ஒன்றும் சொல்லாது. ஆனால் உனக்குப் பிள்ளைகள் இருந்தால், அவர்களைப் பற்றிச் சொல்லும். உன்னோடு ஒரே கருவிலிருந்து இரட்டையாய்ப் பிறந்த சகோதரன் இருந்தால், அவனைப் பற்றியும் சொல்லும். விடை ‘ஆம்’ என்று வந்தால் நாளைக் காலையில் நீ செய்யப் போவது என்ன என்பதை ஒரு தாளில் எழுது. எழுத ஏதாவது இருந்தால், அவர்களிடமும் கேட்டுவிட்டு, அலமாரியைத் திறக்கச் சொல். தாள் வெறுமையாகவே இருந்தால், அலமாரி இன்னும் சில காலம் பூட்டியிருக்கட்டும் என்போம்.